சாமிக்கு வவுச்சர் உண்டா?

பெரம்பலூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்றுச் சம்பாதிப்பதில் பாதியைப் பழைய பொருள் வாங்கியே தீர்க்கிறவர். போன மாதம் கடைக்குப் போனபோது கல்லாப்பெட்டியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பித்தளை பட்டனை எடுத்து என் கையில் வைத்தார்.

"அண்ணே, ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் கிடைச்சது. 1751 சண்டையில வெள்ளைக்காரன் சட்டையிலேர்ந்து விழுந்தது. ஆயிரத்து ஐநூறு கொடுத்தேன்."

சண்டை நடந்தது நிஜம்தான். 1751-ல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி வட்டாரத்தில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் கம்பெனி ஆட்களும் மறுபக்கம். கம்பெனிப் படை பயந்துபோய்த் திருச்சியைப் பார்த்து ஓடியது. அந்தப் படையில் சாப்பாட்டுச் சாமான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தவர் ராபர்ட் கிளைவ். ஆற்காடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படி ஓடும்போது நாலு பட்டன் தெறித்து விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்த பட்டன் அது இல்லை.

நண்பரின் பட்டனில் மேலே கிரீடம், நடுவில் ஒரு நம்பர். பிரிட்டிஷ் காலாட்படையின் பட்டன்களில் ரெஜிமென்ட் நம்பர் போடச் சொல்லி உத்தரவு வந்ததே 1767-ல்தான். சண்டைக்கு 16 வருடம் கழித்து. அதோடு, ராஜாவின் சொந்த ரெஜிமென்ட் ஒன்று (அது 39-ஆம் நம்பர்) மதராஸில் வந்து இறங்கியது 1754-ல். 1751-ல் இங்கே சண்டை போட்டது கம்பெனியின் சொந்த ஆட்கள். சாதாரண சிப்பாயின் பட்டன் அந்தக் காலத்தில் ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தில் இருக்கும். பித்தளைக்கு மாறியது 1855-ல்.

"சரி, 1751 இல்லேன்னா 1860-னு வெச்சுக்கலாமாண்ணே?" என்றார், விடாமல்.

திருப்பிப் பார்த்தேன். அசல் பித்தளை பட்டனை இரும்பு அச்சில் வைத்து அடித்து எடுப்பார்கள். கோடுகள் பிளேடு மாதிரி சுத்தமாக இருக்கும். பின்பக்கம் பெரும்பாலும் பர்மிங்ஹாம், லண்டன் கம்பெனிக்காரன் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். நகல் எடுப்பவன் அந்த அசலை வைத்து அச்சு எடுத்து, அதில் உலோகத்தை ஊற்றுவான். ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல் அசலைவிட ஒரு நூல் சின்னதாக இருக்கும். கோடுகள் மழுங்கும். ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாகக் குழி விழும். நண்பரின் பட்டனில் குழியும் இருந்தது, மழுங்கலும் இருந்தது. பள்ளத்தில் இருந்த 'இருநூறு வருஷ அழுக்கு' குண்டூசியால் சுரண்டியதும் தூளாக வந்தது. கறுப்பு பெயின்ட்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகட்டும், ஷோகேஸ்ல இருந்துட்டுப் போகுது" என்று பட்டுத் துணியைச் சுற்றினார். ஆயிரத்து ஐநூறு ரூபாயோடு போயிற்று. பட்டனில் ஏமாந்தால் அவ்வளவுதான் நஷ்டம். அன்றைக்கே அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது எனக்கு வேறு ஒரு ஏமாற்று நினைவுக்கு வந்தது. நான் இந்த வாரம் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

பட்டன் வியாபாரி புதுசைப் பழசு என்று சொல்லி விற்றான். அதே மண்ணில், அதற்கு நேர் தலைகீழாக, பழசைப் புதுசு என்று சொல்லிக் கடத்தினார்கள். விலை கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர்.

* * *

ஸ்ரீபுரந்தான். அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டாரம். சோழர் காலத்துப் பிருகதீஸ்வரர் கோயில். தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம் மாதிரி டூரிஸ்ட் பஸ் நிற்கிற இடமில்லை. பூஜை நின்றுபோய், பூட்டிக் கிடந்த கோயில். உள்ளே எட்டு செப்புத் திருமேனிகள். அதில் நாலடி உயரத்தில் ஒரு நடராஜர்.

2006-ல் அத்தனையும் திருடு போயின. எப்போது தெரிந்தது? 2008 ஆகஸ்டில். கோயில் பாதுகாப்பாக இல்லை, சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் சாமியைத் தர மாட்டோம் என்று ஊர்ஜனங்கள் மறித்தார்கள். இரும்புக் கதவு போடலாம் என்று பேசி, கடைசியில் திறந்து பார்த்தால் உள்ளே சாமியே இல்லை. இல்லாத சாமிக்காக ஊரும் இலாகாவும் சண்டை போட்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. திருடியபோது அந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம். 2007 நவம்பரில் மாவட்டம் பிரிந்து, திருட்டு வெளியே தெரிந்தபோது அரியலூர் மாவட்டம். சாமி போனதற்கும் தெரிந்ததற்கும் நடுவில் ஒரு மாவட்டமே பிறந்துவிட்டது!

அதற்குள் நடராஜர் கப்பலேறி, நியூயார்க் போய், மேடிசன் அவென்யூவில் சுபாஷ் கபூர் என்பவரின் கலைக்கூடத்தில் நின்று, 2008 ஆரம்பத்திலேயே ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்துத் தேசிய கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டாகிவிட்டது.

கப்பலேறியது எப்படி? இங்கேதான் தலைகீழ் வித்தை. நம் நாட்டில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. புதுச் சிலையை அனுப்பலாம். சுவாமிமலையில் தினமும் நடராஜர் செய்கிறார்கள். உலகமெல்லாம் போகிறார். அந்தப் புதுச் சரக்கோடு சரக்காகப் பழசையும் 'கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்பினால் முடிந்தது. ஒரு சோழர் காலத்துச் சாமி, தன்னைப் புதுசு என்று பொய் சொல்லிக்கொண்டு துறைமுகத்தைத் தாண்டினார். அங்கே இறங்கியதும் மறுபடி பழசானார்.

துறைமுகத்தில் ஒருவர் கையால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கலாம். அது ஒன்றும் மாயமந்திரம் இல்லை.

சோழர் காலத்து வார்ப்பும் இன்றைய சுவாமிமலை வார்ப்பும் அடிப்படையில் ஒரே முறை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் சிலை பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி, மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைக்க வேண்டும். அச்சு போயிற்று. அதனால் ஒவ்வொரு சிலையும் ஒற்றைப் பிள்ளை. பட்டன் மாதிரி ஆயிரம் அடிக்க முடியாது.

வித்தியாசம் எல்லாம் ஊற்றிய பிறகு வருவது. பல நூறு வருடம் பாலும் எண்ணெயும் ஊற்றி, சந்தனம் தேய்த்து, துணியால் துடைத்த சிலையில் மேடான இடங்கள் தேயும். மூக்கு, கன்னம், முழங்கால் எல்லாம் கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். உள்ளடங்கிய பள்ளத்தில், கைக்கும் துணிக்கும் எட்டாத இடத்தில், உளி வேலை அப்படியே இருக்கும். தேய்மானத்தில் ஒரு நியாயம் இருக்கும். புதுசுக்கு ஆசிட் பூசிப் பழசாக்கினால் எல்லா இடமும் ஒரே சீராகக் கறுக்கும், ஒரே சீராகப் பச்சை பிடிக்கும். மனிதக் கை பட்ட இடம், படாத இடம் என்ற பேதம் அதில் இருக்காது. பீடத்தின் அடியில் இருக்கிற மண், புறப்பாட்டுக்குக் கழி கோக்கிற துளையின் தேய்மானம் இதெல்லாம் கூடப் பேசும்.

இதற்கு மேல் விஞ்ஞானமும் இருக்கிறது. உலோகத்துக்குக் கார்பன் டேட்டிங் கிடையாது, அதில் உயிர்ப்பொருள் இல்லை. ஆனால் கலவையில் எவ்வளவு ஈயம், எவ்வளவு வெள்ளீயம், அந்த ஈயம் எந்தச் சுரங்க வகை என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீனிவாசன் தென்னிந்திய செப்புத் திருமேனிகளை அப்படி ஆராய்ந்திருக்கிறார். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் எழும்பூர் மியூசியமும் சேர்ந்து சிலைகளுக்குக் கைரேகை எடுப்பது போன்ற வேலையைச் செய்திருக்கின்றன. கைரேகை எடுக்க முதலில் விரல் வேண்டும். சிலை அதன் இடத்தில் இருக்கும்போதே எடுத்தால்தான் உபயோகம்.

* * *

நான் பி.காம். எனக்கு உலோகமும் தெரியாது, சிற்பமும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஆடிட்டிங் பேப்பரில் படித்த இரண்டு பாடங்கள். ஒன்று வவுச்சிங். கணக்கில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ரசீது இருக்கிறதா, அந்த ரசீது யோக்கியமானதா என்று பார்ப்பது. இன்னொன்று வெரிஃபிகேஷன். புத்தகத்தில் இருக்கிற சொத்து நிஜமாகவே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது. பரீட்சையில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். ஐந்து மார்க். அந்த ஐந்து மார்க் கேள்வியில் மூன்று பேர் ஃபெயிலான கதை இது. சினிமாவுக்கு மார்க் போடுகிறோமே, இவர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கான்பெரா.

அவர்கள் வாங்கிய சிலை அசல். அதில் அவர்கள் ஏமாறவில்லை. அவர்களிடம் கொடுத்த ரசீதுதான் போலி. ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி டெல்லியில் வேலை பார்த்ததாகவும், அவர் மனைவி 1970-ல் டெல்லிக் கடை ஒன்றில் அந்த நடராஜரை வாங்கியதாகவும், 1971-ல் நாட்டைவிட்டுப் போகும்போது எடுத்துச் சென்றதாகவும் காகிதம் சொன்னது. 1970 என்ற வருடத்தைக் கவனியுங்கள். 1972 சட்டத்துக்கு முந்தினது. யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் சரியாக யோசிக்கவில்லை. 1972-க்கு முன்னால் இந்தியா திறந்த வீடாக இருக்கவில்லை. 1947-லேயே பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வெளியே எடுத்துப்போக முடியாது. ஆக, அந்தப் பெண்மணியின் கதை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், "அம்மா, அந்த ஏற்றுமதி லைசென்ஸ் எங்கே?" என்று ஒரு கேள்வி பாக்கி இருந்தது. காகிதம் தன் சொந்த வாயாலேயே மாட்டிக்கொள்கிறது. வாங்குவதற்கு முன்பே கலைக்கூடத்தின் வக்கீல், ஆவணங்கள் போதாது என்று எழுதிக் கொடுத்து எச்சரித்ததும் பிற்பாடு வெளியே வந்தது. எச்சரிக்கையை ஃபைலில் வைத்துவிட்டு செக்கில் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. திருடு போன கலைப்பொருட்களின் சர்வதேசப் பட்டியல் ஒன்று லண்டனில் இருக்கிறது. அதில் தேடி, "இந்தச் சிலை எங்கள் பட்டியலில் இல்லை" என்று ஒரு சான்றிதழும் இருந்தது. அது பொய்ச் சான்றிதழ் அல்ல. நிஜமாகவே பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? திருட்டு நடந்தது சிலைக்குச் சொந்தக்காரனுக்கே அப்போது தெரியாதே! பூட்டிய வீட்டில் பீரோ காலியான விஷயம் வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால்தானே போலீஸுக்குத் தெரியும்?

கான்பெராவுக்கு என் மார்க்: வவுச்சிங்கில் பாஸாகிற மாதிரி பரீட்சை எழுதி, விடைத்தாளை மட்டும் அழகாகக் கட்டிக் கொடுத்தவர்கள். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்று எதற்கென்றால், கடைசியில் திருப்பிக் கொடுத்ததற்கு.

* * *

அடுத்தது நாம். அதாவது நம் இலாகா.

1959-ஆம் வருடத்து அறநிலையச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும். 30-ஆம் பிரிவு, அதை வருடாவருடம் சரிபார்க்கச் சொல்கிறது. மளிகைக் கடையில் மார்ச் 31-ஆம் தேதி ஸ்டாக் எடுப்பதைப் போலத்தான். எத்தனை மூட்டை துவரம்பருப்பு, எத்தனை டின் எண்ணெய். என் பெரம்பலூர் நண்பர் மரை ஆணியைக்கூட எடைபோட்டு எழுதுகிறார்.

சட்டம் எழுதியவருக்கு முழு மார்க் கொடுக்கலாம். ஆனால் 2006-ல் போன சாமி 2008-ல்தான் போனார் என்று தெரிகிறதென்றால், நடுவில் வந்த மார்ச் 31-களில் யார் எதைச் சரிபார்த்தார்கள்? பதிவேட்டில் 'நடராஜர் ஒன்று' என்று இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எந்த நடராஜர்? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் என்ன பின்னம்? திருவாசியில் எத்தனை சுடர்? தமிழ்நாட்டில் 'நடராஜர் ஒன்று' ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

அப்படியானால் கான்பெரா நடராஜர் ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று எப்படி நிரூபித்தார்கள்? பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய ஆட்கள் பல வருடங்களாக ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். 1994-ல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படம் அங்கே இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த சென்னைக்காரர் எஸ்.விஜயகுமார் போன்ற சிலைப் பைத்தியங்கள் (மரியாதையாகத்தான் சொல்கிறேன்) இந்த மாதிரிப் பழைய படங்களையும் வெளிநாட்டு மியூசியங்களின் கேட்லாக் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்த வேட்டையை அவர் பிறகு 2018-ல் புத்தகமாகவும் எழுதினார்.

எதை வைத்துப் பொருத்தினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அழகை வைத்து அல்ல. எல்லா சோழ நடராஜரும் அழகுதான். குறையை வைத்து. வார்ப்பில் விழுந்த சின்னப் பள்ளம், ஒடிந்த சுடர், கோணலான மடிப்பு. மண் கூட்டை உடைத்துவிட்டபடியால் ஒரு சிலையின் குறை இன்னொன்றில் வராது. கல்யாணத் தரகர் மறைக்கிற மச்சத்தைத்தானே பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் என்று எழுதுகிறார்கள்?

2011-ல் சுபாஷ் கபூர் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கைதானார். 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது நடராஜரை நேரில் ஒப்படைத்தார். அதே ஸ்ரீபுரந்தான் கோயிலின் உமா பரமேஸ்வரியை 2007-ல் சிங்கப்பூர் மியூசியம் ஒன்று ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அம்மன் 2015-ல் திரும்பினாள். 2021-ல் கான்பெரா இன்னும் 14 பொருட்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட் கபூருக்கு 10 வருடம் கொடுத்தது.

ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படம் இத்தனையும் செய்தது. அது எடுக்கப்பட்ட காலத்தில் அதை எடுத்தவருக்கு இது தெரிந்திருக்காது. ஏதோ ஆராய்ச்சிக்கு எடுத்தார், நம்பர் போட்டார், டப்பாவில் வைத்தார். வவுச்சர் என்றால் இதுதான். கடத்தல்காரன் 1970 ரசீதைத் தேவைக்குத் தக்கபடி தயாரித்தான். இந்தப் படம் யாருடைய தேவைக்கும் தயாரானது அல்ல. அதனால்தான் அதை நம்ப முடிகிறது.

* * *

இலாகாவைத் திட்டி முடித்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மூன்றாவது விடைத்தாள் நம்முடையது.

கும்பகோணம் பக்கம் சிவபுரம். 1951-ல் பூமியில் கிடைத்த சிலைகளைக் கோயிலில் வைத்தார்கள். 1954 வாக்கில் நடராஜரைப் பழுது பார்க்க வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் பம்பாய் வழியாக அமெரிக்கா போய், 1973-ல் 9 லட்சம் டாலருக்கு நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரரிடம் சேர்ந்தது. கோயிலில் இருப்பது நகல் என்று முதலில் எழுதியது யார் தெரியுமா? தினம் கற்பூரம் காட்டினவர் அல்ல. விழுந்து கும்பிட்ட நாம் அல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். 1965-ல் சோழ செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் எழுதினார். பத்து வருடத்துக்கு மேல் நகலைக் கும்பிட்டிருக்கிறோம். அசல் திரும்பி வந்தது 1986-ல்.

நகலைக் கும்பிட்டால் பலன் இல்லையா என்று கேட்காதீர்கள். அது என் டிபார்ட்மென்ட் இல்லை. நான் கேட்பது வேறு: தினமும் பார்க்கிற முகம் மாறியது எப்படி நமக்குத் தெரியாமல் போயிற்று? பட்டுப்புடவையில் ஜரிகை அசலா என்று உரசிப் பார்க்கிறோம். வெண்டைக்காய் வாங்க நுனியை ஒடிக்கிறோம். சாமியைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறோம். பக்திக்கு அது சரி, சொத்துக்குச் சரியில்லை.

பத்தூர் நடராஜர் வழக்கையும் நினைத்துப் பாருங்கள். 1976-ல் மண்ணில் கிடைத்து, கைமாறி, ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்த சிலை. லண்டன் கோர்ட்டில் தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி கூண்டேறிச் சாட்சி சொன்னார். அந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும், கரையான் ஊர்ந்த தடத்தையும்கூட ஆராய்ந்து, பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள். 1991-ல் ஜெயித்து சிலை திரும்பியது. படம் இல்லை, பதிவேடு இல்லை. கரையான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எல்லாச் சாமிக்கும் அப்படி ஒரு கரையான் கிடைக்குமா?

இந்தப் பகுதியில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, சாமியை ஃபோட்டோ புடிக்கக் கூடாது. தெய்வ சாந்நித்தியம் குறையும். அதோட, படம் வெளிய போனா திருடனுக்கு நாமளே அட்ரஸ் குடுத்த மாதிரி."

முதல் வாதத்தை மதிக்கிறேன். மூலவரை எடுக்க வேண்டாம், விட்டுவிடலாம். வீதியுலா வருகிற உற்சவரை எல்லோர் செல்ஃபோனும் எடுக்கத்தானே செய்கிறது? அதுவும் பூ, பட்டு, கவசத்தோடு. கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாத படம். சாட்சிக்கு உதவாது. அபிஷேகத்தின்போது அலங்காரம் இல்லாமல், அர்ச்சகரின் சம்மதத்தோடு, முன்பக்கம், பின்பக்கம், பீடம் என்று மூன்று படம் போதும்.

இரண்டாவது வாதம் ஒப்புக்கொள்ள முடியாதது. திருடனிடம் படம் ஏற்கெனவே இருக்கிறது. கபூரின் ஆட்கள் இங்கிருந்து சிலைகளைப் படம் எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பித்தான் வியாபாரம் செய்தார்கள். அந்தப் படங்களும் பிறகு வழக்கில் அகப்பட்டன. திருடனிடம் இருக்கிற படம் சொந்தக்காரனிடம் இல்லை என்பதுதான் பிரச்னை. படத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. தேதி எழுதி, அளவு எழுதி, குறைகளை எழுதி, ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி இலாகாவில், ஒரு பிரதி ஊர்ப் பெரியவர் இருவர் வீட்டுப் பீரோவில். அவ்வளவுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

* * *

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம்.

2014-ல் தமிழ்நாட்டுக்கு வந்த நடராஜர் நேராக ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை. அவர் வழக்குச் சொத்து. கோர்ட் வழியாகக் கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் இருக்கிற சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மறுபடி பூட்டிய கோயிலில் வைத்தால் மறுபடி போவார்.

ஆனால் பாதுகாப்பு மையம் என்பது என்ன? வரிசையாக நிற்கிற சாமிகள். தீபம் இல்லை, மேளம் இல்லை, ஆருத்ரா தரிசனம் இல்லை. கான்பெராவிலாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தார்கள். வெளிநாட்டு மியூசியக்காரர்கள் இதைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள்: "எங்களிடம் இருந்தால் உலகம் பார்க்கும், உங்களிடம் வந்தால் இருட்டறை." திருட்டுப் பொருளை வைத்திருந்தவர் பேசுகிற நியாயம் இது, எடுபடாது. ஆனாலும் சுருக்கென்று தைக்கிறது. பதில் சொல்ல நம்மிடம் ஒன்று வேண்டும். காவலாளியும் கேமராவும் ஒருவேளைப் பூஜையும் உள்ள ஒரு கோயில்தான் அந்தப் பதில்.

ஊர் வந்து போகிற கோயிலில் பத்து கண் எப்போதும் இருக்கும். ஸ்ரீபுரந்தானில் சாமி போனது கோயிலுக்கு ஆள் வருவது நின்ற பிறகுதான். பூட்டு பத்திரம் என்று நினைத்தோம். பூட்டு யாருக்குப் பத்திரமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. பக்கத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் இதே கதைதான் நடந்தது.

போன வாரம் பெரம்பலூர் நண்பர் ஃபோன் செய்தார்.

"அண்ணே, அந்த பட்டன் கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். பணம் தரலை. வேற ஒண்ணு எடுத்துக்கச் சொன்னான். வேணாம்னுட்டேன்."

"நல்லது" என்றேன்.

"இன்னொண்ணு. எங்க ஊர் சிவன் கோயில்ல சனி மகா பிரதோஷத்துக்கு அபிஷேகம். குருக்கள்கிட்ட பேசிட்டேன். படம் எடுக்கலாம்னுட்டார். டேப்பு கடையில இருக்கு, அளவு எடுத்துடலாம். நீங்க வந்து அந்தப் பதிவேடு எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுங்க. நீங்கதான் காமர்ஸ் படிச்சவராச்சே."

போகிறேன். நீங்களும் உங்கள் ஊர்க் கோயிலுக்கு அடுத்த பிரதோஷத்துக்குப் போங்கள். போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.